குளித்துவிட்டு வந்த கேரட்

எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: இந்த எழுபத்தெட்டு வயதுக்குள் நான் தலைகுனிந்து நின்ற சந்தர்ப்பங்கள் பதினொன்று. பத்து எனக்கும் என் மனைவி பத்மாவதிக்கும் மட்டும் தெரியும். பதினொன்றாவது கேத்தி ஊர் முழுக்கத் தெரியும் என்பதால் மறைத்துப் பயனில்லை.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் இலை எடை போடும் கிளார்க்காக இருந்தேன். தேயிலை விலை படுத்துவிட்ட காலம். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மீதி நாலு நாளும் வீட்டில் உட்கார்ந்து சமையலறை டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன் (முப்பத்தாறு, ஏழுக்கு மூடி இல்லை). ஐந்தாவது வாரம் பத்மாவதி என் கையில் களைக்கொத்தைத் திணித்தாள்.

"ஏனுங்க, வெளிய போய் எதையாச்சும் கொத்துங்க. என்னையக் கொத்தாதீங்க."

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டேன். அறுநூற்று நாற்பது கேரட் விதைகளைக் காகிதத்தில் கொட்டி எண்ணி, ஒவ்வொன்றாக விதைத்தேன். முளைத்தவை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. வராமல் போன இருநூற்று நாற்பத்தொன்பதை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வந்தவற்றுக்கு, தேயிலைக்குப் போடுவது போலவே, யூரியாவை வாரி வாரிப் போட்டேன். இலை தழைத்தால் தோட்டம் நன்றாக இருக்கிறது என்று இருபத்தாறு வருஷம் நம்பியவன் வேறென்ன செய்வான்? கேரட் இலை முழங்கால் உயரம் எழும்பியது. நான் பாத்திகளுக்கு நடுவே எஸ்டேட் துரை போலப் பின்னால் கைகட்டி நடந்தேன்.

சாக்கடை ஓரத்தில், பத்மாவதி தூக்கி எறிந்த முளைவிட்ட மேரக்காய் ஒன்று (கீழ்நாட்டில் சௌசௌ என்பார்கள்) தானாகக் கொடி விட்டு, கக்கூஸ் தகரக் கூரை மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒழுங்கில்லாத செடி என்று இரண்டு முறை வெட்டினேன். மூன்றாம் முறை வெட்டப் போவதற்குள் அது கூரையில் ஏறிவிட்டது. எனக்குத்தான் ஏற முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் மாலதிக்கு வரன் வந்தது. கேத்தியில் குத்தகை நிலத்தில் கேரட் போடும் பொன்னுசாமியின் மகன். எங்களைப் போலவே கீழேயிருந்து மலையேறி வந்த குடும்பம். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. மாலதிக்கோ அதைவிடப் பிடித்துவிட்டது. கேத்தி பஸ் ஹாரன் அடித்தாலே ஜன்னலுக்குப் போனாள்.

"நகை நட்டெல்லாம் நாங்க கேக்கறதில்லீங்க. பேச்சு மட்டும் நெசமா இருக்கோணும்" என்றார் பொன்னுசாமி.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அடுத்த தடவை உறுதி பண்ண வர்றப்ப எங்க ஊட்டுக் கேரட்டுலதானுங்க விருந்து. தேயிலை பாத்தவனுக்குக் கேரட்டெல்லாம் ஒரு வித்தைங்களா?" என்றேன். ஒரு கேரட் விவசாயியிடம்!

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் முதல் செடியைப் பிடுங்கினேன். கீழே எலிவால். அடுத்தது, அதற்கடுத்தது... நாற்பது செடி பிடுங்கினேன், நாற்பது எலிவால்.

மார்க்கெட்டுக்கு ஓடினேன். "இலையோட கேரட் இருக்குதா?"

"முயல் வளக்கறீங்களா சாமி?" என்றான் கடைக்காரன். இலை வெட்டின கேரட்டுதான் இருந்தது. பளபளவென்று மின்னிய இருபத்து நாலைப் பொறுக்கி வாங்கினேன். மறுநாள் விடிந்ததும், என் செடிகளின் இலைக்கொத்தை ஈர்க்குச்சியால் அவற்றின் தலையில் குத்தி, முன்வரிசையில் புதைத்தேன்.

பத்தரை மணிக்கு வந்தார்கள். பொன்னுசாமி காபியைக்கூடத் தொடாமல் நேராகப் பாத்திக்குப் போனார். குனிந்து ஒரு செடியை இழுத்தார். இலை மட்டும் கையோடு வந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஈர்க்குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன ரகமுங்க?"

அவர் மண்ணில் விரலை விட்டுக் கேரட்டை எடுத்தார். எங்கள் மலையில் பறித்த கேரட்டை மெஷினில் உருட்டிக் கழுவித்தான் மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். மண்ணுக்குள்ளிருந்து பிறக்கும் கேரட் அப்படி மின்னாது என்பது இருபத்து நாலையும் நட்டவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கேரட்டு குளிச்சுப்போட்டுத்தான் மண்ணுக்குள்ள போகுமுங்களா?"

ஜன்னலில் மாலதியின் முகத்தைப் பார்த்தேன். அன்று நான் எண்ணாமல் விட்டது அவள் கண்ணீரை மட்டும்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"உரம் என்ன போட்டீங்க?"

"யூரியாங்க. தேயிலைக்குப் போடறாப்பல."

"அப்ப அது தேயிலையாத்தானுங்க வளரும்" என்றவர் நிமிர்ந்து கக்கூஸ் கூரையைப் பார்த்தார். கொடி தெரியாமல் காய் தொங்கியது (ஐம்பத்தேழு). "இது ஆரு வெச்சது?"

"ஆரும் வெக்கலீங்கண்ணா. நான் விட்டெறிஞ்சதுங்க" என்றாள் பத்மாவதி.

பொன்னுசாமியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி விட்டெறிஞ்சதே இப்படிக் காய்க்குது. வளத்த பொண்ணைப் பத்திக் கேக்கோணுமா? சம்பந்தி, இத்தனை மோசமாப் பொய் சொல்றவரு வேற எதையும் மறைச்சிருக்க முடியாதுங்க. தட்டு மாத்திக்கலாம்."

அன்றைய விருந்து மேரக்காய்க் கூட்டு. அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆயிற்று, எத்தனையோ வருஷம். மகள் வீட்டில்தான் இருக்கிறேன். இப்போதும் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் மாப்பிள்ளை பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்:

"குளிச்சாச்சுங்களா மாமா? நட்டுரலாமுங்களா?"

"இன்னும் முத்தலீங்க மாப்பிளை" என்பேன்.