காலரைப் பிடிக்க ஓர் ஆள்

சம்பள நாளும் அதுவுமாகச் சம்பளப் பட்டியல் திறக்க மறுத்தது. தாழ்வாரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"கொஞ்சம் பாருங்களேம்மா," என்று மேலாளர் கெஞ்சினார்.

கணினிப் பிரிவின் தலைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தொட மாட்டேன் சார். மென்பொருளை வித்த கம்பெனி ஆளைத் தவிர யார் தொட்டாலும் ஒப்பந்தம் செல்லாதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான்."

அலுவலகம் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பச்சைமிளகாய். தெரிந்தால் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ அதையே இணையத்தில் தன் பெயராக வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் ஊர்பேர் தெரியாதவர்களின் கணினிச் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அலுவலகத் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் நல்லதாகவே இலவசத்தில் கிடைக்கிறது, அதுவே போதும் என்று போன மாதம் அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். மேலாளர் மசியவில்லை.

"இலவசத்துல பிரச்சினைன்னா யாரைக் கேக்கறது?"

"உலகம் பூரா ஆள் இருக்காங்க சார். கேட்டா சொல்வாங்க."

"முகம் தெரியாதவங்க! ஏதாவது ஆச்சுன்னா காலரைப் பிடிக்க ஓர் ஆள் வேணாமா? காசு கொடுத்தாத்தான் காலர் கிடைக்கும்."

"என் காலரைப் பிடிங்க."

"பிடிச்சா என் கைதான் எரியும்!"

அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பின் சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

காசு வாங்கிக்கொண்டு மென்பொருளை விற்ற கம்பெனிக்கு மேலாளர் போன் போட்டார். வெகுநேரம் இசை கேட்ட பிறகு உதவி மையத்துப் பையன் ஒருவன் வந்தான்.

"அணைச்சுப் போடுங்க சார்."

அணைத்துப் போட்டதில் வருகைப் பதிவும் காணாமல் போனது.

"அப்ப தகவல்களோட பழைய பிரதி எது இருக்கோ அதை ஏத்துங்க சார்."

ஏற்றியதில், போன வருடம் வேலையை விட்டுப் போனவர்கள் எல்லாம் பட்டியலுக்குத் திரும்பிவிட்டார்கள். மேலாளர் பெயரைக் காணோம்.

"இதுப்படி நீங்க இன்னும் வேலையிலேயே சேரலை சார்," என்றாள் பச்சைமிளகாய்.

தாழ்வாரத்தில் நின்றவர்களைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவள் சம்பளமும் அதற்குள்தான் மாட்டியிருந்தது. ஆனாலும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"நான் சொன்னதுதான் சரின்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லுங்க. தொடறேன்."

மேலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தேவையே இல்ல! காசு வாங்கினவன் பதில் சொல்லட்டும்!" போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டுக் கத்தினார். "தம்பி, உங்கள்ல விஷயம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு! இப்பவே!"

"அதைத்தான் சார் பண்ணிட்டிருக்கேன்." மறுமுனையில் விசைப்பலகை படபடத்தது.

பச்சைமிளகாயின் கைப்பைக்குள் கைப்பேசி 'டிங்' என்றது.

"கேட்டுட்டேன் சார்! எங்களுக்கே புரியலைன்னா இணையத்துல இவங்களைத்தான் கேப்போம். பச்சைமிளகாய்னு ஒரு மேடம், காசுகூட வாங்க மாட்டாங்க. சாப்பாட்டு நேரந்தான், லைன்லயே இருங்க, இப்ப பதில் வந்துடும்!"