நூற்று முப்பத்தெட்டு கேசட்டும் ஒரு சட்டமும்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு அலுமாரி. அதன் கீழ்த்தட்டு இரண்டும் என் வீட்டுக்காரர் விஜேந்திரனின் பாட்டுக் கேசட்டுகளுக்கு. நூற்று முப்பத்தெட்டு. அவற்றைப் போட்டுக் கேட்கப் பெட்டி கிடையாது. அது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே செத்துவிட்டது.

பாப்பாவுக்கு எட்டு மாதம். மார்கழி மழையில் கேசட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடித்தது. அலுமாரியைத் திறந்தால் போதும், பிள்ளைக்குத் தும்மல். இரண்டு தடவை இழுப்பு வந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து அவள் மூச்சை எண்ணுவதே என் வேலை.

"என்னங்க, பாட்டெல்லாம் இப்ப போன்லயே இருக்குதானே. இந்தக் கேசட்டுகளத் தூக்கிப் போட்டுருவமே."

அவர் நீதவான் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தர்ஷி, நீ கான்வென்ட்ல படிச்ச புள்ள. நெட்டுலயிருந்து சும்மா பாட்டு இறக்கிறது என்ன?"

"களவுங்க." சிஸ்டர் கேட்ட மாதிரி எழுந்து நின்றே சொல்லிவிட்டேன்.

"ஆனா நான் கள்ளன் இல்ல. ஏன்? நான் இறக்கின பாட்டு அத்தனையும் என்கிட்ட கேசட்டா இருக்கு. ஒருக்கா வாங்கின பாட்ட எதுல வேணும்னாலும் கேக்கலாம். கேசட்டுதான் அத்தாட்சி. அத நீ குப்பையில போட்டா, அடுத்த நிமிஷமே போன்ல உள்ளதெல்லாம் களவு. ஒன் புருஷன் கள்ளன்னு பேரெடுக்கணுமா?"

அத்தாட்சியை வைத்தால் பிள்ளைக்கு இழுப்பு. எறிந்தால் புருஷனுக்கு நரகம். இரண்டு நாள் பயந்து பார்த்தேன். மூன்றாம் நாள், அத்தாட்சியைத் துடைத்தாவது வைப்போம் என்று பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பீபியிடம் கொடுத்துவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதை எடுத்தாலும் நீலப் பேனா எழுத்து. படம் போட்ட உறையையே காணோம்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "இதெல்லாம் யாருங்க எழுதினது?"

"நம்ம றுஸ்தி நானா! டவுன்ல ரெக்கோடிங் பார் வச்சிருந்தாரே. வெறும் கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் குடுத்தா, ரெண்டு நாளுல பதிஞ்சு தருவாரு. மத்தவனுக்குப் பக்கத்துக்கு எட்டுப் பாட்டு. எனக்குன்னா ஒன்பது!" முகமெல்லாம் பல்.

"அவருக்கு ஏதுங்க பாட்டு?"

"அவர்கிட்ட ஒரு ஒரிஜினல் இருக்கும். அதுலயிருந்து எல்லாருக்கும்..."

பல் உள்ளே போனது.

"அப்ப நீங்க வாங்கினது வெறும் கேசட்டுதானா?"

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தான் புள்ள."

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க சொன்ன சட்டப்படி போன்ல உள்ளதும் களவு, அலுமாரியில உள்ளதும் களவு. பிள்ள இருக்கிற வீடு."

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. சட்டம் அவர் போட்டது. கேசட்டுகளைச் சாக்கில் கட்டி அவரே குப்பைக்குத் தூக்கிக்கொண்டு போனார். போனிலும் அழித்தார், ஒவ்வொன்றையும் இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு.

"ஒண்ணாவது காசு குடுத்து வாங்கியிருப்பேன், தேடு."

தேடினேன். தட்டின் பின்மூலையில், சாக்குக்கும் என் துணிக்கும் தப்பி ஒன்று இருந்தது. அச்சடித்த உறை, கடை முத்திரையோடு. 'வீட்டிலிருந்தே ஆங்கிலம், முதல் பாகம்.' அதை மட்டும் நானே நெட்டில் தேடி அவர் போனில் இறக்கிக் கொடுத்தேன்.

கீழ்த்தட்டில் இப்போது பாப்பாவின் துணிகள். தும்மல் நின்றிருக்கிறது. நான்தான் இன்னும் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அவர் காதில் வயரை மாட்டிக்கொண்டு நாவுல ஊருக்கு ஓடும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறார். நேற்று வந்தவரிடம், தேத்தண்ணி ஊத்தவா என்று கேட்டேன்.

"எஸ் ப்ளீஸ், மேடம்," என்றார்.