நாலாம் நம்பர் டேங்க்குக்குள்ள நான்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பன்னெண்டு டேங்க்லயும் தெர்மாமீட்டர விட்டு, தண்ணி சூடு எவ்வளவுன்னு பார்த்து, கொப்பியில எழுதணும். அரைமணித்தியால வேலை.

எங்க தேயிலைத் தோட்டம் ரத்தினபுரி பக்கம். ஃபெக்டரிக்குக் கீழ உள்ள வெறுந்தரையில ஒரு யுனிவர்சிட்டி மேடம் வந்து பன்னெண்டு பெரிய டேங்க் வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் என் நெஞ்சு உசரம். உள்ள குளத்துத் தண்ணி, குளத்துச் சேறு, பாசி, நத்தை, இருவது குட்டி மீன். ஆக மொத்தம் பன்னெண்டு சின்னக் குளம்.

தேயிலைக்குப் போடுற உரம் மழையில அடிச்சிக்கிட்டுப் போய் குளத்துல கலந்தா, அங்க இருக்கிற உசுருங்களுக்கு என்ன ஆகும்? அதப் பார்க்கத்தான் இவ்வளவும். ஒம்பது டேங்க்ல உரம் போடுவோம். மூணுல ஒண்ணுமே போடமாட்டோம். அந்த மூணையும் பக்கத்துல வச்சித்தான் மத்ததுல என்ன மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கிறது.

ஒண்ணுமேன்னா ஒண்ணுமே. கைகூட வைக்கக்கூடாது.

இத ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது வேற யாருமில்ல, ஃபீல்ட் அசிஸ்டன்ட் ஆகிய நான்தான். சிங்களம் பேசுற வாச்சர் பியதாச அண்ணனுக்கு மட்டும் மூணு தடவ வகுப்பு எடுத்திருக்கேன். "அண்ணே, வெளியில உள்ள சாமான் எதுவும் உள்ள போகவே கூடாது. யார் சொன்னாலும் விடாதீங்க. நானே சொன்னாலும் விடாதீங்க!"

அந்தக் கடைசி வசனத்த நான் சொல்லியிருக்கவே கூடாது.

அன்னைக்கு மேடம் எம்பிலிப்பிட்டிய பக்கம் வேற ஒரு குளத்துல தண்ணி எடுக்கப் போயிருந்தாங்க. நான் ஒரு வாளியக் கவுத்துப் போட்டு, அதுமேல ஏறி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முடிச்சேன். நாலாவதுல தெர்மாமீட்டர் கட்டியிருந்த நூல் கையவிட்டு நழுவிருச்சு.

நூல் நுனி தண்ணிமேல மெதந்துச்சு. எட்டினா பிடிச்சிரலாம்.

எட்டினேன்.

இன்னும் கொஞ்சம் எட்டினேன்.

வாளி ஒரு பக்கம் போச்சு. நான் தலைகுப்புற உள்ள போயிட்டேன்!

எழும்பி நின்னா தண்ணி இடுப்புக்கு மேல. காலு சேத்துக்குள்ள. வாயில பாசி. சரி, யாரும் பார்க்கல, சத்தமில்லாம ஏறி வீட்டுக்குப் போய் உடுப்ப மாத்திட்டு வந்துருவோம்னுதான் முதல்ல நெனச்சேன். பொய் சொல்ல விரும்பல. மறைக்கத்தான் பார்த்தேன்.

ஆனா டேங்க் விடல. உள்பக்கச் சுவரு பூரா வழவழன்னு பாசி. முழங்கால வச்சா வழுக்குது. கையூண்டித் தம் கட்டினா, தம்தான் போகுது, நான் போகல. நாலு தடவ ஏறினேன். நாலு தடவயும் விழுந்தேன்.

மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த செல்வி அக்கா கண்டுட்டாங்க.

"ஏண்டி ரேவதி, வீட்டுப் பைப்புல தண்ணி வரலியா?"

மலை பூரா சிரிப்பு!

சத்தம் கேட்டு பியதாச அண்ணே ஓடி வந்தாரு. என்னப் பார்த்ததும் மனுசனுக்கு முகமே மாறிருச்சு. "ஐயோ நங்கி, தங்கச்சி, இதுல நானவத? குளிக்க வேற எடம் இல்லியா? மேடம் ஏசுவாங்களே!"

"குளிக்கல அண்ணே, விழுந்துட்டேன்! அங்க சாத்தியிருக்கிற ஏணிய எடுத்து உள்ள எறக்குங்க!"

அவரு ஏணியப் பார்த்தாரு. டேங்கப் பார்த்தாரு. தலைய ஆட்டினாரு.

"பே, முடியாது நங்கி. ஏணி வெளி சாமான். உள்ள போகக்கூடாது."

"அண்ணே, நான் சொல்றேன், போடுங்க!"

"நீங்க சொன்னாலும் போடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்படி ஒரு மாணவன் எனக்குக் கெடச்சிருக்கான்னு அன்னைக்குத்தான் தெரியும்!

கெஞ்சினேன். அதட்டினேன். மனுசன் அசையல. மேடத்துக்கிட்ட பர்மிஷன் கேக்கணுமாம். ஃபோன எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டு, என் பக்கமா நீட்டினாரு.

அஞ்சு மாச வேலைங்க. வெயில், மழை, அட்டைக்கடின்னு பார்க்காம எடுத்த கணக்கு. அதுக்குள்ள நான் நிக்கிறேன், எரும மாதிரி.

"மேடம்... நான் ஒரு டேங்க்ல விழுந்துட்டேன்."

"ஐயோ! அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல மேடம்."

"எத்தனாம் நம்பர்?"

"நாலு."

நாலு, ஒண்ணுமே போடாத மூணுல ஒண்ணு.

"சரி. ஆடாம நில்லுங்க, சேறு இன்னும் கலங்கும். தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களா?"

குனிஞ்சு பார்த்தேன். என்னச் சுத்தி தண்ணிமேல தேங்கா எண்ணெ வட்டம் வட்டமா, வெயில்ல ஏழு கலர்ல மினுங்குது.

"கொஞ்சமா மேடம்."

"நெறய!"ன்னாரு பியதாச அண்ணே, ஃபோனுக்குக் கிட்ட வாய வச்சு.

அப்பறம் மேடம் கேட்டுக்கிட்டே போனாங்க. பவுடர்? ஆமா. சவுக்காரம்? காலையில. பல்லக் கடிச்சிச் சிரிப்ப அடக்கிக்கிட்டு எல்லாத்தையும் என் கொப்பியிலயே எழுதினது பியதாச அண்ணே. சிங்களத்துல.

"ரேவதி, நீங்க இப்ப உள்ளதானே நிக்கிறீங்க? அப்படியே சூட்டயும் பார்த்துச் சொல்லுங்களேன்."

தெர்மாமீட்டர் என் கால் விரலுக்கிடையிலதான் கெடந்துச்சு. எடுத்து, பார்த்து, சொன்னேன். உத்தியோகம்னா உத்தியோகம்!

அதுக்குப் பெறகுதான் ஏணிக்கு உத்தரவு வந்துச்சு. ஏறி வெளிய குதிச்சா, சுரிதார் பாக்கெட்டுக்குள்ள ஏதோ துடிக்குது. கைய விட்டா, மீன்!

"மேடம், பாக்கெட்ல ஒரு மீன்!"

"உசுரோடயா? உள்ள விடுங்க! இன்னொரு பாக்கெட்டையும் பாருங்க!"

அதுல நத்தை.

சாயங்காலம் மேடம் நேர்லயே வந்தாங்க. வேலை போச்சுன்னு முடிவு பண்ணி, கொப்பி, பேனா எல்லாத்தையும் ஒரு பையில போட்டு ஒப்படைக்கத் தயாரா நின்னேன். அவங்க டேங்கச் சுத்தி வந்தாங்க. எண்ணெப் படலத்தப் பார்த்தாங்க. என்னப் பார்த்தாங்க. திடீர்னு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

"ஒண்ணு கெட்டா மத்த ரெண்டும் இருக்கட்டும்னுதானே மூணு வச்சிருக்கோம்? நீங்க பேசாம ஏறிப் போயிருந்தாதான் பிரச்சினை. நாலாம் நம்பர் ஏன் இப்படி ஆச்சுன்னு நான் மண்டைய ஒடச்சிக்கிட்டிருந்திருப்பேன்."

என் நேர்மையப் பாராட்டுறாங்க. ஏற முடியலங்கிறத அந்த நேரத்துல நான் ஞாபகப்படுத்தல.

பரிசோதனை முடிஞ்சி ரிப்போர்ட்டும் வந்துச்சு. உதவினவங்க பட்டியல்ல எம்பேரு தனி வரியில இருந்துச்சு. பெருமையா அதத் தடவிப் பார்த்துட்டு, அடுத்த பக்கத்தத் திருப்பினேன். அங்க ஒரு குறிப்பு: "நாலாம் இலக்கத் தொட்டி கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. காரணம்: பெரிய பாலூட்டி ஒன்று உள்ளே புகுந்தது."

பாலூட்டி சரி மேடம், ஒத்துக்கிறேன். அந்த 'பெரிய'வ மட்டும் எடுத்துருங்கன்னு இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.