ஜெர்மனியை ஜெயித்த எருத்தேம்பதி

ரத்தினசாமிக்குத் தலையில் இடி விழுந்தது போலாயிற்று. ஆறு மாதம்!

"நர்மதாவுக்குத் தலப்பிரசவமுங்க. பெத்தவ பக்கத்துல இல்லாம முடியுங்களா? நான் ஜெர்மனிக்குப் போறேன்" என்று பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள் மருதாத்தாள். முப்பது வருஷக் குடும்பத்தில் மனுஷர் ஒரு நாள்கூட சுடுதண்ணீர் வைத்ததில்லை. எருத்தேம்பதியில் பதினெட்டு ஏக்கர் தென்னையை ஆள்கிறவர், ஆறு மாதம் எதைத் தின்று உயிர் பிழைப்பது?

முறைப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதைக் கெடுத்ததே இவர்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பூபதிராஜா, போன தடவை வந்தபோது மாடியில் இவருடைய ஏசி அறையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நகரவில்லை. அதனால் இந்தத் தடவை, "இங்க நெட்டு சுத்தமா இல்லீங் மாப்ள. வந்தா உங்க வேலையே போயிரும்" என்று முன்கூட்டியே பயமுறுத்தி வைத்திருந்தார். மாப்பிள்ளை வராததால் மகள் நர்மதாவும் ஜெர்மனியிலேயே இருந்துவிட்டாள்.

இப்போது மனைவியை நிறுத்தியாக வேண்டும். மகளுக்கு போன் போட்டு அங்கே நெட் ஸ்பீடு பார்க்கச் சொன்னார். பதினாறு. இங்கே பார்த்தார். தொண்ணூற்றெட்டு! அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. நேராக மனைவியிடம் ஓடினார்.

"ஏம்புள்ள, ஜெர்மனியில நெட்டு வெறும் பதினாறு! நம்முளுது தொண்ணூத்தெட்டு!"

"அதுக்கென்னுங் இப்ப?"

"என்னவா? எங்கூட எப்படிப் பேசுவே? பேசறப்பவே என்ற மூஞ்சி கோணிக்கிட்டு நின்னுபோயிரும்."

"அது இங்கயே அப்படித்தானுங்களே இருக்குது?"

"வெளையாடாத! ஆசுபத்திரி டோக்கனுக்கு நெட்டு வேணும். பள்ளிக்கொடத்துக்கு வேணும். உத்தியோகத்துக்கு வேணும். அது இல்லாத ஊட்டுல பச்சக் கொழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"நெசமாலுமே நம்ம நெட்டு அத்தன நல்லதுங்களா?"

"மழ பேஞ்சாலும் நிக்காது! ஆபீசே நடத்தலாம்!"

"நாள் முழுக்க மீட்டிங்கு ஓடுனாலுமுங்களா?"

"பத்துப் பேரு ஓட்டலாம் புள்ள!"

மருதாத்தாள் அலமாரித் தட்டில் சாய்த்து வைத்திருந்த போனை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் மகளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேட்டீங்களா மாப்ள?"

"கேட்டனுங்க அத்த. மாமாவே சொன்னதுக்கப்புறம் என்னுங்க? பத்தாந்தேதிக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். ஆறு மாசம் அங்கிருந்தே வேலை. மாமா, அந்த மாடி ரூமு மட்டும்..."

"எடுத்துக்குங்க மாப்ள" என்று ரத்தினசாமிக்காக மருதாத்தாளே பதில் சொல்லி போனை வைத்தாள்.

ரத்தினசாமி ஈனக்குரலில் கேட்டார்: "அப்ப உன்ற டிக்கெட்டு?"

"டிக்கெட்டுங்களா? எனக்கேதுங்க பாஸ்போர்ட்டு?"