இரு மடங்கு வேகத்தில் ஒரு முகில்

நூல் வெளியீடுகளில் நயவுரை நிகழ்த்துகிறவர்கள் நூலை முழுதாக வாசித்துவிட்டுத்தான் மேடையேறுகிறார்கள் என்று நம்புகிறவர்கள் வெள்ளவத்தையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். நானோ அந்தக் காலத்தில் முன்னுரையையும் பின்னட்டையையும் வாசித்துவிட்டு அரைமணி நேரம் பேசுவேன். ‘நேரம் கருதி’ என்று முடித்தால் கைதட்டலும் கிடைக்கும். (முடித்ததற்குத்தான் தட்டினார்கள் என்பது பிறகு விளங்கியது.)

அந்தத் துணிச்சலில்தான், மாதங்கி நடத்திய சிறுவர் திரைப்பட வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டேன். அவளுக்கும் எனக்கும் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாதகம் பொருந்திவிட்டது, அவள்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

“உம்மட பேச்சைக் கேட்டிட்டுத்தான் முடிவு சொல்லுவாளாம் தம்பி,” என்றார் அவளுடைய அப்பா.

எனக்கு மாதங்கியை மிகவும் பிடித்திருந்தது. ஆகவே பேசியே வென்றுவிடலாம் என்று நினைத்தேன்.

படம் ஜப்பானிய அனிமேஷன். குடையில் ஒட்டிக்கொண்ட ஒரு குட்டி முகிலை, மலையுச்சியில் இருக்கும் அதன் தாயிடம் ரயிலில் கொண்டுபோகும் சிறுமியின் கதை. மாதங்கி முன்கூட்டியே அனுப்பியிருந்தாள். நுகேகொடையில் வேலை முடிந்து வரும் பஸ்ஸில், நின்றபடி, போனில் இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்து முடித்தேன்.

நான் மண்டபத்துக்குப் போனபோது அங்கே படம் முடிந்து விளக்குப் போட்டிருந்தார்கள். யாரும் கதைக்கவில்லை. சலித்துவிட்டார்கள் போலும் என்று உற்சாகமாக மைக்கைப் பிடித்தேன். நிறைகளாக நிறங்களையும் பாட்டையும் சொன்னேன். பிறகு குறைகள். இயக்குநருக்கு அப்படி என்ன அவசரம்? ஒரு காட்சியிலாவது மூச்சுவிட இடம் தருகிறாரா? ரயில் பறக்கிறது. சிறுமியின் நோயாளித் தாய் படுக்கையிலிருந்து துள்ளி எழுகிறார்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள். “அங்கிள், அந்த அம்மா துள்ளேல்லை. மெல்ல மெல்லத்தான் எழும்பினவ. விழப்போறா எண்டு நாங்கள் பயந்துகொண்டிருந்தனாங்கள்.”

மாதங்கி என்னைப் பார்த்தாள். “எதில பாத்தனீங்கள்?”

“போனில.”

“என்ன ஸ்பீட்டில?”

பொய் சொல்லியிருக்கலாம். எப்போதும் கைகொடுக்கும் வாய் அன்று ஒத்துழைக்கவில்லை. “ரெண்டு மடங்கில,” என்றேன். மைக் அதைத் தெருவரை கொண்டுபோனது.

மண்டபம் சிரித்தது. அவளுடைய அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மாதங்கி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது.

வாசலில் சொன்னாள்: “ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போடுறம். வாங்கோ. பேசத் தேவையில்லை.”

போனேன். முகில் ரயில் யன்னலில் ஒட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. நெடுநேரம் வேறொன்றும் நடக்கவில்லை. சிறுமி தன் சோற்றில் கொஞ்சத்தை அதன் பக்கம் நகர்த்துகிறாள். முகில் சாப்பிடாது என்று அவளுக்கும் தெரியும். பஸ்ஸில் இந்த இடத்தை நான் கண்டதாகவே நினைவில்லை. என் கண் கலங்கியது. இப்படி எத்தனை பேருடைய உழைப்பை ஓட்டமாகத் தாண்டிப்போய் மேடையில் நின்று பேசியிருக்கிறேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

படம் முடிந்ததும் மாதங்கியிடம், “ஒண்டு சொல்லட்டே?” என்றேன்.

“சொல்லுங்கோ.”

“கடைசியில மலையுச்சியில காத்துகள் ஒண்டோடொண்டு சண்டை பிடிக்கிற காட்சி தேவையில்லை. வேற படத்தில இருந்து வந்தது மாதிரிக் கிடக்கு. முகிலை விட்டிட்டு வாற பிள்ளையிட முகத்தை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.”

“ஓம். எனக்கும் அதுதான் குறை.” பிறகு, “அண்டைக்கே அப்பாட்ட வேண்டாமெண்டு சொல்ல இருந்தனான். நல்லவேளை, சொல்லேல்லை,” என்றாள்.

கலியாணத்தன்று ஐயர் மந்திரத்தைத் தொடங்கியதும் மாமனார் குனிந்து, மணவறை முழுக்கக் கேட்கச் சொன்னார்: “ஐயா, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ. மாப்பிள்ளை இதையாவது முழுசாக் கேக்கட்டும்.”

ஐயர் வேகத்தைக் குறைக்கவில்லை. அவருக்குக் கொட்டாஞ்சேனையில் இன்னொரு கலியாணம். ஆனால் அந்த வசனம் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் குடும்பத்தில் யாருக்குக் கலியாணம் நடந்தாலும், ஐயர் வாயைத் திறந்ததும் சபை முழுக்கத் திரும்பி என்னைத்தான் பார்க்கிறது.