லிஃப்ட்காரர் பார்த்த பிரசவம்

"சட்டை புதுசா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றார் லிஃப்ட்காரர், பெருமையாக. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

போன மாதம் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே வலியெடுத்த ஒரு பெண்ணும் இவரும் மட்டும். கதவைத் திறப்பதற்குள் குழந்தை வந்துவிட்டது. இவர் தன் சட்டையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினார். தாய் மயங்கிக் கிடந்தாள். கதவு திறந்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை.

சட்டத்துக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்லை. பதிவு செய்த மருத்துவச்சியைத் தவிர வேறு யாரும் பிரசவம் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். குற்றம் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

"அவசரத்துல கூலி வாங்காம உதவினா குற்றமில்லை, பெரியவரே. ஆனா இந்தச் சட்டை யார் வாங்கிக் குடுத்தது?"

"அந்தக் குழந்தையோட அப்பாதாங்க."

"அப்ப அது கூலி."

லிஃப்ட்காரர் பதறிப்போய்ப் பொத்தான்களைக் கழற்றினார். "இதோ, திருப்பிக் குடுத்துடறேங்க!"

"ஐயோ, போடுங்க! திருப்பிக் குடுத்தா, கூலின்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க. குழந்தை தானா வந்துது. நான் தொப்புள்கொடியை மட்டும்..."

"மட்டும்?"

"ஷூ லேஸால கட்டினேன்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

லிஃப்ட்காரரின் காது மிஷின் கீச்சென்று கத்தியது. பயந்தால் வேர்க்கும், வேர்த்தால் மிஷின் கத்தும். அது இல்லாவிட்டாலோ, பக்கத்தில் இடி விழுந்தாலும் மனுஷருக்குத் தெரியாது.

அதிகாரி ஈரமுள்ளவர்தான். குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

"என்னங்க?"

ரகசியத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "குழந்தை உயிரோட பிறந்தாத்தான் சட்டப்படி அது பிரசவம்! டாக்டருங்களுக்கே நிச்சயமாத் தெரியலை. அது அழவே இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க!"

மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தையின் தாய்க்கும் அது கேட்டது. அவள் மடியில், துவைத்து மடித்த அந்தப் பழைய சட்டை இருந்தது. பத்து மாதம் சுமந்த பிள்ளை ஒரு நொடியாவது இந்த உலகத்தில் இருந்ததா, இல்லையா? பாவம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள்.

"சொல்லுங்க பெரியவரே. அழுதுதா?"

லிஃப்ட்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதுதுங்க. கணீர்னு, ஒரே ஒரு தடவை."

அவள் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். குழந்தை போன நாளிலிருந்து வராமல் நெஞ்சிலேயே நின்றுவிட்ட அழுகை. அதிகாரி உயிருள்ள பிறப்பு என்று எழுதினார். அதற்குக் கீழே, குற்றம் என்றும் எழுதினார். இந்தத் தடவை மனைவி தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

வேலை போய்விட்டது. இருவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, லிஃப்ட் நின்ன அன்னைக்கு உங்க காது மிஷின் ரிப்பேர் கடையிலல்ல இருந்துது?"