புலியார் வண்டியில் பெட்ரோல் வாடை

ஒரு காட்டில், ஆளுக்கொரு வண்டி வந்து சேர்ந்துவிட்ட காலத்தில், வேங்கைராயர் என்று ஒரு புலி இருந்தார். மரியாதையாகத்தான் சொல்கிறேன், நமக்கேன் வம்பு. முட்டிவலி வந்ததிலிருந்து அவரால் ஓடி வேட்டையாட முடியவில்லை. அதனால் முப்பது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். இரை மேயும் இடம் வரைக்கும் வண்டியில் போவது, புதரோரமாக நிறுத்துவது, பிறகு பதுங்கிப் பாய்வது. திட்டம் என்னவோ பிரமாதம்தான்.

ஆனால் வண்டியில் பெட்ரோல் வாடை. சத்தத்தை யாரும் சட்டை செய்யவில்லை. காட்டில் எல்லாரிடமும் வண்டி இருந்தது. அந்த வாடை மட்டும் அவர் ஒருவருக்கே சொந்தம். காற்றில் லேசாக வந்தால் போதும், மான்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நிதானமாகக் கிளம்பிவிடும். புலியார் பட்டினி கிடந்து பன்னிரண்டு நாள் ஆயிற்று.

முதலில் குரங்கிடம் காட்டினார். அது டாங்கில் ஓட்டை என்று சோப்பைத் தடவிவிட்டு, பெட்ரோல் போகிற வழியில் இருந்த வடிகட்டியையும் தண்டம் என்று பிடுங்கி எறிந்தது. கரடியோ கார்புரேட்டரையே மாற்றச் சொன்னது. கடைசியில் பசி காதை அடைக்க, அன்னக்கொடியின் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காட்டிலேயே கெட்டிக்கார மெக்கானிக் அவள். ஆனாலும் முயல்தானே, பாவம்.

"சாயங்காலத்துக்குள்ள வாடை போகணும். போகலேன்னா உன்னைத்தான் சாப்பிட்டாகணும், தப்பா நினைச்சுக்காதே," என்றார்.

அன்னக்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரிசெய்யாவிட்டால் தான் போச்சு. சரிசெய்தால் மான்களோடு அவளுடைய அக்கா தங்கைகள் நாற்பது பேரும் போச்சு. என்ன பிழைப்பு இது என்று நொந்துகொண்டே ஸ்பானரை எடுத்தாள். தெரிந்த வேலையைத் தப்பாகச் செய்ய அவளுக்குக் கை வராது. அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான்.

கார்புரேட்டரை ஈரமில்லாமல் துடைத்தாள். கீழே செய்தித்தாளை விரித்தாள். பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். டாங்குக்கு அடியில் ஈரமில்லை, டியூப் மூட்டிலும் இல்லை. கார்புரேட்டருக்கு அடியில் தொங்கும் மெல்லிய டியூபிலிருந்துதான் சொட்டு, சொட்டு, சொட்டு. உள்ளே பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்க வேண்டிய ஊசி அடைக்கவில்லை, அதுதான் வழிகிறது என்று புரிந்துகொண்டு அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். ஊசியில் ஒரு முடித் துணுக்கு மாட்டியிருந்தது. வெள்ளை முடி. மீசை முடி.

"ஐயா, டாங்க்ல பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பாப்பீங்க?"

மூடியைத் திறந்து, முகத்தைக் கவிழ்த்து, மீசை எதுவரை நனைகிறது என்று பார்ப்பாராம். அவருடைய அப்பா குட்டையில் தண்ணீரின் ஆழத்தை அப்படித்தான் பார்ப்பாராம். பரம்பரை வழக்கம் என்று மார்தட்டிக்கொண்டார்.

அன்னக்கொடி மறுபடி வேலையில் இறங்கினாள். துணுக்கை எடுத்தாள், ஊசியைத் துடைத்தாள், புது வடிகட்டி போட்டாள், புதுத் தாள் விரித்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு சொட்டு விழவில்லை. வண்டியில் இப்போது வாடையே இல்லை. வாடை மீசையில் இருந்தது. புலியார் குனிந்து வண்டியை முகர்ந்தார்.

"இன்னும் அடிக்குதே," என்றார், அவளைப் பார்த்து உதட்டை நக்கிக்கொண்டு.

அவளுக்கு உயிர் காது நுனி வரைக்கும் போய்விட்டது. முயலுக்குக் காது நீளம், திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் யோசனை வந்துவிட்டது. காய்ந்த தாளை எடுத்து 'கசிவு இல்லை' என்று எழுதி, பட்டறை முத்திரையைக் குத்தி, இரண்டு கையாலும் நீட்டினாள். புலியார் ஒன்றுக்கு நாலு தடவை படித்தார். எழுத்தில் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது, இதற்குமேல் மூக்கு யார் குறுக்கே பேச என்று மடித்து வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் ஐயா. தினமும் மீசையை விட்டுப் பாத்துக்குங்க. பரம்பரை வழக்கத்தை விட்டுடாதீங்க."

புலியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் மதிக்கிறார்கள் என்று சொல்லி, அங்கேயே மீசையை ஒரு முக்கு முக்கிக்கொண்டு கிளம்பினார்.

மான்கள் முகர்ந்தன, கிளம்பின. கசிவு இல்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள், நில்லுங்கள் என்று தாளை ஆட்டிக்கொண்டு புலியார் பின்னாலேயே போனார். மான்கள் ஓடியபடியே படித்துப் பார்த்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயின.

இப்போது வேங்கைராயர் பூசணிக்காய் சாப்பிடுகிறார். வாரம் ஒருமுறை அன்னக்கொடியிடம் வந்து முத்திரையைப் புதுப்பித்துக்கொள்கிறார்.

நீதி: வண்டியின் கோளாறைச் சொல்லலாம்; ஓட்டுகிறவரின் கோளாறைச் சொல்லிவிடாதே. சொன்னால் சரியாகிவிடும்.